நிறுத்த வழி உண்டு, குறைக்க வழி இல்லை: ஒரு மாத நன்கொடைச் சேவையும் ஒரு தகர உண்டியலும்

எங்கள் வீட்டிலிருந்து மாதந்தோறும் இரண்டு நன்கொடைகள் போகின்றன. ஒன்று, ஏழைக் குழந்தைகளின் படிப்புக்காக நாடெங்கும் நிதி திரட்டும் ஒரு பெரிய தொண்டு நிறுவனத்தின் மாதாந்திர நன்கொடைச் சேவை. குறித்த தேதியில் வங்கிக் கணக்கிலிருந்து பணம் தானாகப் போய்விடும். மற்றொன்று, எங்கள் பகுதியில் மதிய உணவு வழங்கும் ஒரு சிறிய அறக்கட்டளை வீட்டுக்கு வீடு கொடுத்துவைத்திருக்கும் தகர உண்டியல். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வந்து திறந்து எண்ணி, ரசீது எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். இரண்டையும் பல ஆண்டுகள் பயன்படுத்தியவள் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். இரண்டின் பெயரையும் சொல்லப்போவதில்லை. நான் சொல்லவிருக்கும் குறை ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதன்று. வேறு வேறு நிறுவனங்களுக்குக் கொடுத்துவந்த தோழிகளும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள்.

வருமானம் ஒழுங்காக வரும் காலத்தில் எந்த நன்கொடைச் சேவையும் நன்றாகத்தான் இயங்கும். பிடித்தம் நடக்கும், நன்றி சொல்லிக் குறுஞ்செய்தி வரும், ஆண்டுக்கொரு முறை குழந்தை வரைந்த ஓவியம் தபாலில் வரும். கொடுக்கிறவர் கையிலேயே பணம் இல்லாமல் போகும்போது அந்தச் சேவை அவரை எப்படி நடத்துகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2020இல் எங்கள் வீடு அந்த நிலைக்கு வந்தது. ஆகவே இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அந்த ஆண்டைப் பற்றியதாகவே இருக்கும்.

என் கணவர் பாரிமுனை ஆண்டர்சன் தெருவை ஒட்டிய சந்தில் சிறிய அச்சகம் நடத்துகிறார். கல்யாணப் பத்திரிகைதான் முக்கியத் தொழில். அச்சகத்தின் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் நான் எழுதுகிறேன். வீட்டுக் கணக்கு நோட்டில், மாமியார் காலத்துப் பழக்கப்படி, கடைசிக் கட்டத்துக்குத் ‘தர்மம்’ என்று பெயர். அதில் 2020 பிப்ரவரிக்கு இருப்பது இது: மாத நன்கொடைச் சேவைக்கு 1,500 ரூபாய், தகர உண்டியலுக்கு 300, வெள்ளிக்கிழமைக் கோயில் உண்டியலுக்கும் அர்ச்சனைக்கும் 200, தெருவில் கை நீட்டியவர்களுக்கு 150, ஊரில் படிக்கும் நாத்தனார் மகளின் கல்லூரிக் கட்டணத்தில் எங்கள் பங்கு 1,000. கூட்டினால் 3,150 ரூபாய். அந்த மாத வருமானத்தில் இது பெரிய பங்கும் இல்லை, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியதும் இல்லை.

மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டில் நாட்டின் உள்நாட்டு உற்பத்தி முந்தைய ஆண்டைவிட 23.9 விழுக்காடு சுருங்கியது என்று ஆகஸ்ட் இறுதியில் அரசு கணக்கு வெளியிட்டபோது, எங்கள் தெருவில் யாரும் அதைக் கேட்டு வியக்கவில்லை. திருமணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்றான பின், ஆயிரம் பத்திரிகை அடித்த குடும்பங்கள் ஐம்பதுகூட அடிக்கவில்லை. கைப்பேசியில் ஒரு படத்தை அனுப்பிக் காரியத்தை முடித்துக்கொண்டன. ஜூன் 19 முதல் சென்னையில் மீண்டும் முழு ஊரடங்கு வந்தபோது அச்சகத்தின் கதவு மறுபடியும் பூட்டப்பட்டது. ஆகஸ்டில் வீட்டுக்கு வந்த வருமானம் பிப்ரவரியில் வந்ததில் மூன்றில் ஒரு பங்கு.

அந்த ஆகஸ்ட் மாதத்துக் கட்டத்தைப் பார்க்கும்போது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. மாத நன்கொடைச் சேவைக்குப் பூஜ்யம். பெரிய கோயில்கள் செப்டம்பர் 1 வரை திறக்கவில்லை. ஆகவே அங்கும் பூஜ்யம். கல்லூரிக் கட்டணத்துக்கு அந்தப் பருவத்தில் எங்களால் ஒன்றும் தர முடியவில்லை. தகர உண்டியலில் 100 ரூபாய், கூடவே ஐந்து கிலோ அரிசி. அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவரின் குடும்பத்துக்கு 1,500. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் வீட்டுக்குப் பாலுக்கும் மளிகைக்கும் 400. மொத்தம் 2,000 ரூபாய். வருமானம் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. தர்மக் கட்டத்தில் குறைந்ததோ மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். பைண்டிங்காரருக்குக் கொடுத்ததைத் தர்மம் என்று எழுதியது சரிதானா என்ற உறுத்தல் இன்னும் இருக்கிறது; பதினோரு ஆண்டு எங்களிடம் வேலை பார்த்தவருக்கு வேலை இல்லாத மாதத்தில் கொடுத்ததைச் சம்பளம் என்றுதான் எழுதியிருக்க வேண்டும். எப்படி எழுதினாலும், பணம் போன திசை மாறியது உண்மை. முகம் தெரியாத, தூரத்துப் பிள்ளைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது நின்றது. வாசலில் இருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்தவர்களுக்குப் போகத் தொடங்கியது.

இதில் எங்கள் வீடு ஒன்றும் விசேஷமானதன்று. அசோகா பல்கலைக்கழகத்தின் சமூகத் தாக்கம் மற்றும் அறக்கொடைக்கான மையம் 2020 அக்டோபர் முதல் 2021 செப்டம்பர் வரையான காலத்துக்கு எடுத்த கணக்கெடுப்பில், இந்தியக் குடும்பங்களில் 87 விழுக்காடு ஏதோ ஒரு வகையில் கொடுத்திருந்தன. குடும்பங்கள் கொடுத்ததன் மொத்த மதிப்பு சுமார் 23,700 கோடி ரூபாய் என்று அது மதிப்பிட்டது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் போன்ற சமய அமைப்புகளுக்குக் கொடுத்தவை 64 விழுக்காடு குடும்பங்கள், யாசகம் கேட்டவர்களுக்குக் கொடுத்தவை 61 விழுக்காடு. நான் மதிப்புரை எழுதிக்கொண்டிருக்கும் வகையைச் சேர்ந்த, சமயம் சாராத தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுத்தவை 5 விழுக்காடுதான். நூறு வீடுகளில் ஐந்து வீடுகள்தான் தங்கள் பக்கம் இருக்கின்றன என்பதை அறிந்த ஒரு நிறுவனம், அந்த ஐந்தில் ஒன்று தடுமாறும்போது அதைப் பிடித்துவைத்துக்கொள்ள எவ்வளவு முனைப்பாக இருக்க வேண்டும்!

சேவைக்கு வருகிறேன். நாங்கள் அதில் சேர்ந்தது 2017இல், ஒரு வணிக வளாகத்தின் நுழைவாயிலில். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக நின்ற ஓர் இளைஞர், ‘அக்கா, ரெண்டு நிமிஷம்’ என்று தொடங்கி இருபது நிமிடம் பேசினார். பேச்சில் பொய் இருந்ததாக இன்றும் நான் நினைக்கவில்லை. வங்கிப் பிடித்தத்துக்கான படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். தொகை 1,000 ரூபாய். அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் தொலைபேசியில் அழைத்துத் தொகையைக் கூட்டச் சொன்னார்கள். இரண்டு முறையும் 250 ரூபாய் கூட்டினோம். கூட்டுவதற்கான படிவம் அழைத்த மூன்றாம் நாளே வீடு தேடி வந்துவிட்டது, கையெழுத்து வாங்கிப்போக ஓர் ஆளும் வந்தார். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

பிடித்தத் தேதி ஒவ்வொரு மாதமும் 5. அச்சகத்துக்கு வரவேண்டிய பணம் பத்தாம் தேதிக்கு மேல்தான் வரும் என்பதால் எங்களுக்கு இது முதலிலிருந்தே பொருந்தாத தேதி. மாற்ற முடியுமா என்று கேட்டதற்கு முடியாது என்றார்கள். நல்ல காலத்தில் அது பெரிய தொல்லையாகத் தெரியவில்லை. 2020 மே 5 அன்று கணக்கில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம்தான் இருந்தது. பிடித்தம் திரும்பியது, பணம் போதாமைக்காக வங்கி 590 ரூபாய் அபராதம் எடுத்துக்கொண்டது. சில நாள் கழித்து மீண்டும் முயன்றிருக்கிறார்கள். மீண்டும் திரும்பியது, மீண்டும் 590. ஒரு குழந்தையின் படிப்புக்கும் போகாமல், எங்கள் அடுப்புக்கும் ஆகாமல், 1,180 ரூபாய் காற்றில் போனது. அந்த மாதம் எங்கள் மளிகைச் செலவே நாலாயிரத்துக்குள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அழைத்தேன். எடுத்த பெண் மிக மரியாதையாகப் பேசினார். அவர்மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மாதம் 300 ரூபாயாகக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். “நிறுத்திடலாம் மேடம், குறைக்கிறதுக்கு எங்க சிஸ்டத்துல வழி இல்லை” என்றார். ஆறு மாதம் தள்ளிப்போடலாமா என்றேன், அதுவும் இல்லை. வேண்டுமானால் இதை ரத்து செய்துவிட்டுப் புதிதாகச் சேரலாம், ஆனால் குறைந்தபட்சத் தொகை 800 ரூபாய், படிவத்தில் நேரில் கையெழுத்திட வேண்டும், ஊரடங்கு முடியும்வரை ஆள் அனுப்ப இயலாது என்றார். தொகையைக் கூட்ட மூன்றே நாளில் வந்த ஆள், குறைக்க எப்போதும் வரமாட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரத்து செய்யச் சொல்லிவிட்டேன்.

அதே மாதங்களில் அச்சு இயந்திரத்துக்கு வாங்கிய கடனுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரையான தவணைகளைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அனுமதி அளித்திருந்தது. ஒரு விருப்பம் தெரிவித்தோம், தவணை தள்ளிப்போனது. வட்டி ஏறிக்கொண்டேதான் இருந்தது; ஆனாலும் மூச்சுவிட நேரம் கிடைத்தது, செப்டம்பரில் தவணை மீண்டும் தொடங்கியது, இன்று அந்தக் கடன் முடிந்தும்விட்டது. கட்டியே தீர வேண்டிய கடனுக்கு அவகாசம் இருந்தது. மனம் உவந்து கொடுத்த நன்கொடைக்கு அவகாசம் இல்லை. வட்டிக்கு விடுகிறவர்கள் அறிந்துவைத்திருக்கும் ஒன்றை, கொடைக்குக் கை நீட்டுகிறவர்கள் அறியாமல் இருப்பது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம்: கொஞ்சம் விட்டுப்பிடித்தால் ஆள் திரும்பி வருவார்.

திரும்பி வருவது அவ்வளவு எளிதன்று என்பதற்கு நானே சாட்சி. 2021 மே மாத இரண்டாம் அலைக்குப் பிறகு, அந்த ஆண்டு இறுதியில் முகூர்த்தங்கள் மீண்டும் களைகட்டின. 2022 தை, மாசியில் அச்சகத்தில் இரவு வேலைகூட நடந்தது. வருமானம் பழைய நிலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் நிறுத்திய நன்கொடையை மீண்டும் தொடங்கியது 2022 நவம்பரில்தான். ஏறக்குறைய ஓராண்டு, கொடுக்கப் பணம் இருந்தும் கொடுக்காமல் இருந்தேன். தீர்மானம் செய்துகொண்டு இருந்ததல்ல அது. கட்டத்தில் பூஜ்யம் எழுதிப் பழகிவிட்டது, கை அதையே எழுதிக்கொண்டிருந்தது. இடையில் நிறுவனத்திலிருந்து வந்தவையெல்லாம் புதிய ஆளுக்கு அனுப்பும் செய்திகள். மூன்று ஆண்டு கொடுத்தவள், இன்ன காரணத்தால் நிறுத்தினாள் என்ற குறிப்பு அவர்களிடம் இருந்ததற்கான அடையாளமே இல்லை.

இதே கதை பெரிய அளவில் அமெரிக்காவில் நடந்திருக்கிறது. அங்கே இந்தியானா பல்கலைக்கழகத்தின் லில்லி குடும்ப அறக்கொடைப் பள்ளி பல ஆயிரம் குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்ததில், 2000ஆம் ஆண்டில் 66.2 விழுக்காடு குடும்பங்கள் தொண்டு அமைப்புகளுக்குக் கொடுத்துவந்தன. 2018இல் அது 49.6 விழுக்காடாகிவிட்டது. இடையில் 2008ஆம் ஆண்டின் பெருமந்தம் வந்துபோனது. மந்தம் முடிந்து, வேலைகள் திரும்பி, பங்குச் சந்தை ஏறி, நாட்டின் மொத்த நன்கொடைத் தொகையும் ஏறியது. கொடுக்கும் குடும்பங்களின் எண்ணிக்கை மட்டும் திரும்பவில்லை. வசதி உள்ள சிலர் கூடுதலாகக் கொடுத்து மொத்தத்தை நிரப்பிவிட்டதால், கீழே கசிந்து போனவர்களை நிறுவனங்கள் உடனே உணராமல் இருந்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் மந்தம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அங்கே தேவாலயம் போகும் பழக்கம் குறைந்ததற்கும் இதில் பங்கு உண்டு. ஆனாலும் நின்றுபோன கை தானாக மீண்டும் நீளாது என்பதை அந்த எண்களில் என் நோட்டின் பூஜ்யங்களோடு சேர்த்துப் படிக்கிறேன்.

நெருக்கடியின்போது மக்கள் கொடுக்கவே மாட்டார்கள் என்று சொல்வதும் சரியில்லை. அப்போது ஓர் அலை எழும். 2020 மார்ச் இறுதியில் தொடங்கப்பட்ட பிரதமரின் பி.எம். கேர்ஸ் நிதிக்கு 2020-21இல் உள்நாட்டு நன்கொடையாக மட்டும் சுமார் 7,184 கோடி ரூபாய் வந்தது. அடுத்த ஆண்டு அது சுமார் 1,897 கோடியாகிவிட்டது. இதில் நிறுவனங்கள் கொடுத்ததும் அடக்கம் என்பதால் வீடுகளின் கணக்காக இதைக் கொள்ள முடியாது. இருந்தாலும் அலையின் வடிவம் தெரிகிறது. என் கணவரும் அந்த ஏப்ரலில் முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்கு 500 ரூபாய் அனுப்பினார். ஒரே முறை, அத்தோடு சரி. அலையில் வரும் பணம் அவசரத்துக்கு உதவும். ஒரு பிள்ளையின் ஐந்தாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் நடுவே அதை நம்பி இருக்க முடியாது.

இனி, அதே சேவை இப்போது எப்படி இருக்கிறது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். 2022 நவம்பரில் நான் மீண்டும் சேர்ந்தபோது படிவம் இல்லை, கையெழுத்து இல்லை. யுபிஐ வழியாகவே மாதப் பிடித்தத்துக்கு ஒப்புதல் கொடுக்க முடிந்தது. குறைந்தபட்சத் தொகை 200 ரூபாய். தேதியை நாமே தேர்ந்துகொள்ளலாம்; நான் 15 என்று வைத்தேன். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு வந்துவிடுகிறது. கணக்கில் பணம் இல்லையென்றால் போடவோ, அந்த மாதம் வேண்டாம் என்று நிறுத்தவோ அவகாசம் கிடைக்கிறது. பணம் செலுத்தும் செயலியிலேயே அந்த ஒப்புதலை இடைநிறுத்தவும் ரத்து செய்யவும் வழி இருக்கிறது. யாரிடமும் காரணம் சொல்லிக் குரல் தாழ வேண்டியதில்லை. 2020இல் இது மட்டும் இருந்திருந்தால் எங்கள் நன்கொடை நின்றிருக்காது, 300 ரூபாயாக இளைத்து உயிரோடு இருந்திருக்கும். இந்த மாற்றத்தில் நிறுவனத்தின் பங்கு எவ்வளவு, பணப் பரிமாற்றத் தொழில்நுட்பத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்டால், பெரும்பங்கு பின்னதற்கே என்பேன். நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் ‘தொகையைக் கூட்டு’ என்ற பொத்தான் பச்சை நிறத்தில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ‘குறை’ என்பதைக் கண்டுபிடிக்க மூன்று பக்கம் உள்ளே போக வேண்டும். அது சாம்பல் நிறத்தில் இருக்கிறது.

ரசீது விஷயத்தில் குறை சொல்ல இடமில்லை. நன்கொடைக்கு வருமான வரியில் கழிவு தரும் 80ஜி பிரிவின் சலுகைக்குத் தேவையான 10பிஇ சான்றிதழ், 2022-23ஆம் ஆண்டுக்கு உரியது, மே மாதத்துக்குள் மின்னஞ்சலில் வந்துவிட்டது. ஆனால் சலுகையைப் பற்றி அவர்கள் போடும் கூச்சல் காலத்துக்குப் பொருந்தவில்லை. 2023-24 முதல் புதிய வரிமுறைதான் இயல்பான முறை. அதில் இருப்பவருக்கு 80ஜி கழிவு கிடையாது. நாங்களும் அதற்கு மாறிவிட்டோம். ‘கொடுங்கள், வரியில் சேமியுங்கள்’ என்று மார்ச் மாதம் முழுவதும் வரும் செய்திகள் எங்களைப் போன்றவர்களுக்கு வெறும் சத்தம். பழைய முறையிலேயே இருப்பவர்களுக்கும், இத்தகைய நிறுவனங்களுக்குக் கொடுத்ததில் பாதிதான் கழிவு, அதுவும் ஒரு வரம்புக்கு உட்பட்டது என்பதைச் சிறிய எழுத்திலாவது சொல்லலாம்.

தகர உண்டியலைப் பற்றி எழுத அதிகம் இல்லை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கினால் அதுதான் நீள்கிறது. பால்பவுடர் டப்பா அளவு, மேலே வெட்டிய வாய், பக்கத்தில் ஒட்டிய காகிதத்தில் எங்கள் வீட்டு எண் 47, அடியில் சின்னப் பூட்டு. சாவி அறக்கட்டளையிடம். வள்ளலார் 1867 மே 23 அன்று வடலூரில் தர்மசாலையைத் தொடங்கி ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அந்த வழியைப் பின்பற்றுகிறவர்கள் எங்கள் பகுதியில் நாள்தோறும் எழுபது, எண்பது பேருக்கு மதியச் சாப்பாடு போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிற பெரியவர் ஓய்வுபெற்ற தபால்காரர். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, திண்ணையிலேயே உட்கார்ந்து, காசுகளை ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து என்று நான்கு குவியலாகப் பிரித்து எண்ணுவார். எவ்வளவு இருந்தாலும் முகம் மாறாது. 2020 ஜூலை மாதம் உண்டியலில் 40 ரூபாய்தான் இருந்தது. எண்ணி, ‘ரூபாய் நாற்பது மட்டும்’ என்று எழுதி, ரசீதைக் கிழித்து, இரண்டு கையாலும் நீட்டினார். “அடுத்த மாசம் வரட்டுமா அம்மா, இல்ல ரெண்டு மாசம் விட்டு வரட்டுமா?” என்று மட்டும் கேட்டார். தொலைபேசியில் எனக்குக் கிடைக்காத அவகாசம் திண்ணையில் கேட்காமலே கிடைத்தது. வரச் சொன்னேன், அடுத்த மாதம் 100 ரூபாயும், ரேஷனில் வாங்கி மிஞ்சிய அரிசியும் கொடுத்தேன்.

காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி வீடுகளில் பரப்பிய பிடி அரிசித் திட்டமும் இந்த வகைதான்: சமைக்க அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியே போட்டுவைப்பது. அதற்குத் தேதி இல்லை, திரும்பும் அபராதம் இல்லை; உலை வைத்த நாளில் பிடி உண்டு, வைக்காத நாளில் இல்லை. வீட்டின் நிலை ஏறினால் கொடையும் ஏறி, இறங்கினால் தானும் இறங்கி, ஆனால் அறுந்துபோகாமல் தொடரும் ஏற்பாடு அது. ‘தனக்கு மிஞ்சித்தான் தானம்’ என்பதைக் கஞ்சத்தனத்துக்குச் சாக்காகச் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் மிஞ்சுவது மாதத்துக்கு மாதம் மாறும் என்பதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

உண்டியலுக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. சொந்தத் தெரு என்பதற்காக அவற்றை மறைக்க முடியாது. ரசீதில் அறக்கட்டளையின் பதிவு எண் இருக்கிறது, ஆனால் ஆண்டுக் கணக்கை அவர்கள் எங்கும் வெளியிடுவதில்லை. கேட்டால் நோட்டைக் காட்டுகிறார்கள், கேட்க எல்லோருக்கும் வாய் வருவதில்லை. 10பிஇ சான்றிதழ் பற்றி அவர்களுக்குத் தெரியவே இல்லை. அரிசியாகக் கொடுப்பதற்கு 80ஜி கழிவு எப்படியும் கிடையாது. ரொக்கத்திலும் 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடையாது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, வேலை முழுவதும் சில மனிதர்களின் கால்களை நம்பி இருப்பது. 2020 ஏப்ரலில், தனிநபர்களும் அமைப்புகளும் நேரடியாக உணவு வழங்கக் கூடாது என்று மாநில அரசு அறிவித்து, பிறகு அதிகாரிகளுக்குத் தகவல் தெரிவித்துவிட்டு வழங்கலாம் என்று உயர் நீதிமன்றம் சொல்லும்வரை, அந்தச் சிறிய சமையற்கூடம் திகைத்து நின்றது. பெரியவருக்குக் காய்ச்சல் வந்த இரண்டு மாதம் எங்கள் தெருவில் ஒரு உண்டியலும் திறக்கப்படவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: உண்டியல் காசு எங்கள் பகுதியைத் தாண்டாது. ஊரிலேயே வசதி குறைந்த இடத்தில் இருக்கும் சமையற்கூடத்துக்குக் கொடுக்க வேண்டிய அங்கேயுள்ள வீடுகளும் அதே மாதத்தில் இளைத்துப்போயிருக்கும். தூரத்துப் பிள்ளைக்கு யாராவது கொடுத்தாக வேண்டும்; அதற்குப் பெரிய நிறுவனம்தான் வேண்டும். ஆகஸ்ட் 2020இல் என் பணம் பக்கத்து வீட்டுக்கு வந்தது சரி, ஆனால் நான் மூன்றாண்டு பணம் கட்டிய பள்ளியில் அந்த மாதம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

ஆகவே மாதச் சம்பளம் உறுதியாக வருகிறவர்களுக்கு மாத நன்கொடைச் சேவையைத் தாராளமாகப் பரிந்துரைக்கிறேன். எங்களைப் போல முகூர்த்தத்தை நம்பிப் பிழைக்கிறவர்களும், கடை, ஆட்டோ, தறி என்று நாள் வருமானத்தில் வாழ்கிறவர்களும் சேரும் முன் மூன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: தேதியை மாற்றலாமா, தொகையை நாமே குறைக்கலாமா, ஒரு மாதம் தள்ளலாமா. மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால், நல்ல மாதத்தில் கொடுக்க முடிவதில் பாதியை மட்டும் பிடித்தமாக வைத்துவிட்டு, மீதியைக் கையால் கொடுப்பது நல்லது. நான் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன். பிடித்தம் 700 ரூபாய், மீதி அந்தந்த மாதத்தின் போக்கில். இன்னமும் ஒரு குறை பாக்கி இருக்கிறது. ஆடி மாதம் கல்யாணம் கிடையாது என்பதால் சென்ற ஆண்டு அந்த ஒரு மாதத்துக்குப் பிடித்தத்தை இடைநிறுத்தி வைத்தேன். இரண்டாம் நாளே நிறுவனத்திலிருந்து ஓர் இளைஞர் அழைத்து, ‘ஏதாவது பிரச்சினையா மேடம்’ என்று கேட்டார். ஆடி என்றேன். அவருக்கு விளங்கவில்லை; விளக்கிச் சொன்னதும் சிரித்துவிட்டு, ஆவணியிலிருந்து இருநூற்றைம்பது கூட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார்.